கயாவில் விட்ட கோபம்

என் பெயர் செவ்வந்திநாதன். பெயரில் மட்டும்தான் பூ. ஸ்ரீரங்கத்தில் சுகாதார இன்ஸ்பெக்டர் வேலை. என் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டால் போதும், காபி ஹோட்டல்களில் டம்ளர்கள் தாமாகவே கழுவிக்கொள்ளும். சாக்கடையில் எச்சில் இலை போட்டவன் அடுத்த தெருவுக்கு ஓடுவான். இதையெல்லாம் நான் அதிகாரத்தால் சாதிக்கவில்லை, கோபத்தால் சாதித்தேன். என் கோபம் ஊரறிந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு என்பதை மறைப்பானேன்.

அப்படிப்பட்ட கோபத்தைத்தான் 1962 மாசி மாதம் கயாவில் விட்டுவிட்டு வந்தேன்.

காசி, கயா போய்ப் பெற்றவர்களுக்குப் பிண்டம் வைத்தவர்கள், அங்கே ஒரு காய், ஒரு பழம், ஓர் இலை என்று எதையாவது விட வேண்டும். விட்டதை ஆயுசுக்கும் தொடக் கூடாது. பிடித்ததை விட்டால்தான் விட்டதற்கு அர்த்தம். நம் ஜனங்களா அதற்கு மசிகிறவர்கள்? திருச்சியிலிருந்து இருபத்தாறு பேர் ஒரே ரயிலில் போயிருந்தோம். பிண்டம் வைத்த இடத்து ஆலமரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொருவரும் விட்டதை நான் என் காதால் கேட்டேன். எங்களோடு வந்த ரிட்டயர்டு தாசில்தார் பலாப்பழத்தை விட்டார். அவருக்குப் பலாச்சுளை ஒன்று உள்ளே போனால் மூன்று நாள் வயிறு பேசும். அவர் மனைவி சுரைக்காயை விட்டார். இலை என்று வந்தபோது, எங்கள் ஊரில் கண்ணிலேயே படாத ஏதோ ஒரு மரத்தின் இலையை எல்லோரும் ஒருமனதாக விட்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. என் முறை வந்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "நான் கோபத்தை விடறேன்."

சடங்கு செய்துவைத்த பண்டாவுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்த்துச் சொன்னவர், சாப்பிடுகிற பொருளாகப் பார்த்து விடச் சொல்கிறார் என்றார். "இத்தனை வருஷமா நான் அதைத்தாங்க சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்" என்றேன். இருபத்துநாலு பேர் சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி காந்திமதி மட்டும் சிரிக்கவில்லை. அவள் வாய்க்குள்ளேயே ஏதோ சொல்லி எதையோ விட்டாள். ஊருக்கு வந்து ஒரு மாதம் ஆன பிறகுதான் தெரிந்தது, அவள் விட்டது கத்திரிக்காய். உறையூரில் பிறந்து வளர்ந்தவள், கத்திரிக்காய்க் குழம்பு இருந்தால் வேறு எதையும் திரும்பிப் பார்க்காதவள். எனக்கு வழக்கம்போல் கத்திரிக்காய் சமைத்துப் போட்டுக்கொண்டு, தான் மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்திருக்கிறாள். நான்தான் கவனிக்கவில்லை.

நான் வீறாப்புக்குச் சொன்னேன் என்று தாசில்தார் பின்னாளில் சொன்னார். பாதி உண்மை. மீதிப் பாதி என் மகள் குழலி.

மட்டுவார்குழலி என்று மலைக்கோட்டை அம்மன் பெயரை வைத்தோம். ஒரே பெண். நர்ஸ் படிப்புக்குப் போகிறேன் என்று அவள் கேட்டபோது கூடாது என்றேன். ஏன் என்று கேட்டாள். கூடாது என்றால் கூடாது என்றேன். எங்கள் வீட்டில் என் சொல்தான் கடைசிச் சொல். ஆனால் 1958 மார்கழியில் வைகுண்ட ஏகாதசி வந்தது. அந்த இருபது நாளும் ஸ்ரீரங்கத்தில் சுகாதார இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போக முடியாது. கிணறுகளுக்குக் குளோரின், தெருவெல்லாம் சுண்ணாம்புத் தூள், ஊர் பேர் தெரியாத பத்தாயிரம் பேருக்குக் கழிப்பிடம் என்று அலைந்துகொண்டிருந்தேன். திருவிழா முடிந்து வீட்டுக்கு வந்தால் பெண் இல்லை. திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குச் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போயிருந்தாள். காந்திமதிதான் டிரங்குப் பெட்டியை அடுக்கிக் கொடுத்தாளாம்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டுக்குள் நின்று கத்தினேன். நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். மேட்ரன் ஓடி வந்தார். நோயாளி வாந்தியெடுக்கப் பிடிக்கும் பேசின் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு குழலி நின்றிருந்தாள். நான் ஓய்கிற வரை காத்திருந்துவிட்டு அமைதியாகச் சொன்னாள்.

"அப்பா, ஒரு மணி நேரம் கத்தாம உக்காந்து எங்கிட்ட உங்களால பேச முடியும்னா சொல்லி அனுப்புங்க. அன்னிக்கி வீட்டுக்கு வரேன்."

என் பெண்தானே. சொன்னால் சொன்னதுதான். அதற்கப்புறம் வீட்டுப் படி ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காந்திமதிதான் தூக்குச்சட்டியில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறுவாள். நான் எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டேன். அவளும் சொல்ல மாட்டாள். தூக்குச்சட்டி காலியாகத் திரும்பி வந்தால் எனக்குள் ஏதோ நிம்மதியாக இருக்கும். இப்படி மூன்று வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. என் மகள் வீட்டுக்கு வர வேண்டும், அதற்கு நான் கத்தக் கூடாது. கயாவில் எனக்கு வேறு எந்த வேண்டுதலும் இல்லை.

என்னால் முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காரணம், நான் யோகம் பழகியவன். சைக்கிள் மிதித்து மிதித்து முதுகுவலி வந்தபோது, பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருக்கும் சவரிராயனைப் பற்றிச் சொன்னார்கள். வடக்கே வேலையாக இருந்தபோது முறையாக யோகம் கற்றுக்கொண்டவர். என்னைவிட நாலு வயது சின்னவர். ஞாயிறு காலையில் மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு, காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குச் சைக்கிளில் வருவார். கரையோரத் தென்னந்தோப்பில் ஏழெட்டுப் பேருக்கு ஆசனம் சொல்லிக் கொடுப்பார். திருநீறு பூசிய நான் ஒரு கிறிஸ்தவரிடம் போய்ச் சிரசாசனம் கற்பதா என்று முதலில் முறைத்தேன். முதுகுவலி போனதும் முறைப்பும் போயிற்று. ஆறே மாதத்தில் அந்தக் கூட்டத்தில் நான்தான் அதிக நேரம் தலைகீழாக நிற்பவன்.

சவரிராயன் அடிக்கடி ஒன்று சொல்வார்: "தவம், தன்னைத் தானே பாக்குறது, ஆண்டவன் கையில விட்டுடறது. யோகத்துல இது மூணும் ஒண்ணா நடக்கணும் சார்."

நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்துக்கொள்வேன். தவம்: காலை நாலு மணிக்குப் பச்சைத் தண்ணீர்க் குளியல், வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாள், அதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. தன்னைப் பார்ப்பது: ஐம்பது வயசில் என்னை எனக்குத் தெரியாதா. விடுவது: அதைத்தான் கயாவில் செய்தாயிற்று. ஆக மூன்றிலும் நான் தேறியவன்.

கோபம் வந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தேன். வலது மூக்கை அடைத்து இடது மூக்கால் மூச்சை இழுப்பேன். பிறகு இரண்டையும் அடைத்து அறுபத்துநாலு எண்ணுகிற வரை உள்ளே நிறுத்துவேன். அதற்குள் கோபம் திணறிச் செத்துவிடும். அப்படித்தான் நினைத்தேன்.

எட்டு மாதம் நான் யாரிடமும் கத்தவில்லை. ஊர் என்னைக் கொண்டாடும் என்று எதிர்பார்த்தேன். நடந்தது வேறு. அப்போது மொட்டையாக நின்ற ராஜகோபுரத்துக்கு வெளியே ஹோட்டல் வைத்திருந்த பிச்சமுத்துவின் கடையில் ஒரு நாள் மாவுப் பாத்திரத்தில் கரப்பான்பூச்சி இருந்தது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றேன். அறுபத்துநாலு எண்ணி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

"ஐயா, வழக்கம்போல நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிருங்க. இப்படி நின்னீங்கன்னா எனக்கு வயித்தைக் கலக்குது" என்றார்.

வீட்டிலும் அதே கதை. சாதம் குழைந்திருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டேன். மூக்குக்குக் கை போகும். அப்புறம் சாயங்காலம் வரை வாய் திறக்க மாட்டேன். ஒரு நாள் காந்திமதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"முன்னாடியெல்லாம் இடி இடிச்சு மழை பெஞ்சு அரை மணியில வெளுத்துரும். இப்ப நாள் முழுக்க மூட்டமாவே இருக்கு. துணி காயுமா காயாதான்னே தெரியல."

"நான் கத்துறேனா?"

"இல்லீங்க. நீங்க கத்தல" என்றாள். அவள் சொன்ன விதத்தில் பாராட்டு எதுவும் இல்லை. நான்தான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்ட கையோடு, "குழலிகிட்ட சொல்லு. அவ சொன்ன ஒரு மணி நேரத்துக்கு நான் தயார்" என்றேன்.

காந்திமதி உடனே சரி என்று சொல்லவில்லை. இரண்டு ஞாயிறு கழித்துத்தான் சேதி வந்தது. ஐப்பசி மாதக் கடைசி ஞாயிறு, காலை பதினோரு மணிக்கு.

எல்லைப் பக்கம் சீனாக்காரனோடு சண்டை நடந்துகொண்டிருந்த நாள் அது. தெருவில் எந்த வீட்டு ரேடியோவைக் கேட்டாலும் அதே செய்தி. நான் அன்று எங்கள் வீட்டு ரேடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டேன். விடியற்காலையில் இரண்டு மடங்கு நேரம் பிராணாயாமம் செய்தேன். கூடத்தில் பாயை விரித்து, சுவர்க் கடிகாரம் நேராகத் தெரியும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். பரீட்சைக்குப் போகிற பையன்கூட அவ்வளவு தயாராகப் போயிருக்க மாட்டான்.

சரியாகப் பதினொன்றுக்குக் குழலி வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். நேராகப் பின்னிய சடை, வெள்ளைப் புடவை. என் எதிரே உட்கார்ந்து என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"நல்லா இருக்கீங்களாப்பா?"

"இருக்கேன்."

"படிப்பு முடிஞ்சிருச்சு. நல்ல மார்க்கு."

"அம்மா சொன்னா."

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். பிறகு சொன்னாள். ராணுவ ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்களாம். அவளும் கூடப் படித்த லூர்துராணியும் பெயர் கொடுத்துவிட்டார்களாம். அஸ்ஸாம் பக்கம் போட்டிருக்கிறார்களாம். இன்னும் இரண்டு வாரத்தில் புறப்பட வேண்டும்.

எனக்குக் கோபம் கிளம்பியது. யாரைக் கேட்டு என்று ஆரம்பிக்கும் அந்த வாக்கியம் முழுசாக வாய்க்கு வந்துவிட்டது. நான் விடுவேனா? மூக்கைப் பிடித்தேன். எண்ணினேன். பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்துநாலு. விட்டேன். மறுபடி பிடித்தேன்.

"என்னப்பா, ஒண்ணும் சொல்லலையே."

தலையை மட்டும் அசைத்தேன். கடிகாரத்தில் பதினொன்று இருபது.

அவள் மேலும் பேசினாள். அங்கே குளிர் எப்படி இருக்கும், கூடாரத்தில் தங்க வேண்டியிருக்கலாம், காயம்பட்டு வருகிறவர்கள் எல்லாம் சின்னச் சின்னப் பையன்களாம் என்றாள். நடுவில் நிறுத்தி, நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் அவள் எதையும் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் அப்போது என் முழு முயற்சியும். அதில் முழு வெற்றி எனக்கு. பதினொன்று நாற்பதுக்குப் பிறகு அவளும் பேசுவதை நிறுத்திவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் கடிகாரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பன்னிரண்டு அடித்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஒரு மணி நேரம் ஆயிருச்சு. நான் கத்தல" என்றேன். அதை எவ்வளவு பெருமையோடு சொன்னேன் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

குழலி எழுந்தாள். கண் நிறைந்திருந்தது.

"ஆமாம்பா. நீங்க கத்தல. பேசவும் இல்ல."

சமையலறைப் பக்கம் திரும்பி, "வரேம்மா" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். இலை போட்டு வைத்திருந்தது. காந்திமதி வெளியே வந்து அந்த இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அவ பேச வந்தா. நீங்க பரீட்சை எழுதுனீங்க" என்றாள். "நானும்தான் கயாவுல கத்திரிக்காயை விட்டேன். அதுக்காக யாரையாவது சுத்தி உக்காந்து பாக்கச் சொன்னேனா?"

எனக்குக் கோபம் வந்தது. மூக்குக்குக் கை போனது. அவள் உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு தோப்பில் சவரிராயனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சைக்கிள் சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டே கேட்டார். நான் முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"நீங்க மணியைப் பாத்துக்கிட்டிருந்தீங்களா சார்?"

"ஆமாம். எதிர்லதான் இருந்துச்சு."

"அப்ப பொண்ணைப் பாக்கலை."

நான் மூக்கைப் பிடித்து மூச்சை இழுத்தேன். அவர் பம்பைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்து மூக்கிலிருந்து எடுத்துவிட்டார். அவ்வளவு உரிமை அவர் என்னிடம் எடுத்துக்கொண்டதில்லை.

"மூக்கை விடுங்க சார். நான் சொல்லிக் கொடுத்தது மூச்சை நிறுத்துறதுக்கு. கோபத்தைப் பெட்டியில போட்டுப் பூட்டுறதுக்கு இல்ல. அது எதுக்கு வருதுன்னு ஒரு தடவையாவது திரும்பிப் பாத்தீங்களா? நீங்க தவத்தோடயே நின்னுட்டீங்க. ரெண்டாவதுக்கு இன்னும் வரவே இல்ல."

ஒரு ஃபிட்டர் என்னைப் பார்த்து இப்படிச் சொல்வதா என்று அன்று முழுக்கக் குமைந்தேன். ஆனால் அவர் சொன்னதில் எங்கே தப்பு என்று தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. அதுதான் அதிக எரிச்சலாக இருந்தது.

கார்த்திகை பிறந்துவிட்டது. குழலி புறப்பட நாலு நாள் இருந்தது. சண்டை நின்றுவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். காயம்பட்டவர்கள் இருக்கிறார்களே, அவள் பயணம் நிற்கவில்லை. அன்று காலை அம்மா மண்டபம் படித்துறைக்கு வேலையாகப் போயிருந்தேன். காவேரியில் தண்ணீர் இன்னும் வேகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு பெண் கூந்தலைத் தட்டி ஈரம் போக்கிக்கொண்டு யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு வயசுக் குழந்தை, ஒவ்வொரு படியாகப் பின்புறமாக இறங்கி, கடைசிப் படிக்கு வந்து தண்ணீருக்குள் கையை விட்டது.

நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. குழந்தையை இடுப்போடு தூக்கி வந்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் கத்தினேன். எட்டு மாதக் கோபம், வட்டியும் முதலுமாக. படித்துறையே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் அழுதாள். குழந்தை மட்டும் என் முகத்தைச் சுவாரசியமாகப் பார்த்தது.

குளித்துக்கொண்டிருந்த தாசில்தார் கழுத்தளவு தண்ணீரிலிருந்து கேட்டார்: "என்ன சார், கயாவுல விட்டது திரும்பி வந்துருச்சு போலிருக்கே?"

படியில் உட்கார்ந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில் காது அடைத்தது. அப்போதுதான் வாழ்நாளில் முதல் தடவையாக, நடந்ததை நடந்த வரிசையில் பார்த்தேன். முதலில் வந்தது கோபம் இல்லை. முதலில் வந்தது பயம். அந்தக் குழந்தை போய்விடும் என்ற பயம். கோபம் அதற்குப் பின்னால் வந்தது. பயந்தவன் என்று யாரும் கண்டுபிடித்துவிடாதபடி எனக்கு முன்னால் நின்று அது சத்தம் போட்டது.

அப்படியானால் அந்த வார்டில் நின்று கத்தினேனே, அப்போது எதற்குப் பயந்தேன்? தேட வேண்டியிருக்கவில்லை. பத்தொன்பது வருஷமாக நான் திரும்பிப் பார்க்காமல் வைத்திருந்த இடம் அது. வேலைக்குச் சேர்ந்த புதிது. ஜில்லாவில் காலரா. ஒரு கிராமத்துக்கு வெளியே கீற்றுக் கொட்டகை போட்டு முகாம். அதற்கு அனுப்பியிருந்த நர்ஸுக்கு இருபத்துமூன்று வயசு. ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்தாள். என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். நாலாம் நாள் அவளும் படுத்தாள். மரணப் பதிவேட்டில் அவள் பெயரை எழுதியவன் நான். குழலி கையில் பேசினைப் பார்த்தபோது, பேனா பிடித்து அந்தப் பெயரை எழுதிய என் கைதான் கண்ணில் வந்து நின்றது.

இதை நான் காந்திமதியிடம் சொன்னதில்லை. குழலியிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஏன் கூடாது என்பதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். காரணம் சொன்னால் அவள் பதில் சொல்வாள். பதில் சொன்னால் பேச்சு வளரும். என் சொல் கடைசிச் சொல்லாக இருக்காது. தாசில்தாரைப் பார்த்துச் சிரித்த நான் கயாவில் செய்ததும் அவர் செய்த வேலைதான். கோபம் எனக்கும் ஒத்துக்கொள்ளாத பண்டம், ரத்தக் கொதிப்புக்கு ஆகாது என்று டாக்டரே சொல்லியிருந்தார். அதைத் தாராளமாக விட்டேன். எனக்குப் பிடித்தது என் சொல் நடப்பது. அதைப் பத்திரமாக ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

நான் எழுந்து, அந்தக் குழந்தையின் தாயிடம் போய், "பயந்துட்டேம்மா. அதான் அப்படிக் கத்திட்டேன்" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரவால்லீங்க ஐயா" என்றாள். அவ்வளவு எளிதாக இருந்தது அது. யாரும் என்னை எட்டி உதைக்கவில்லை.

வீட்டுக்குப் போய்க் காந்திமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலரா முகாம் வரை சொன்னேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பயம் காந்திமதி. அவ்வளவுதான்."

"அந்த நர்ஸு கதை தெரியாது. ஆனா நீங்க பயப்படுறீங்கன்னு தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"சொன்னா கத்துவீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் எங்கள் வீட்டில் கேட்ட சிரிப்பு அது. பிறகு முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம். திங்கக்கிழமை காலையில வண்டி. அவகிட்ட சொல்லுங்க" என்றாள்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் ஜங்ஷனுக்குப் போனோம். மெட்ராஸ் போகும் பகல் வண்டி பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் லூர்துராணி உட்கார்ந்து அவள் வீட்டாரோடு பேசிக்கொண்டிருந்தாள். குழலி கீழே பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது. காந்திமதி கையிலிருந்த இட்லிப் பொட்டலத்தை லூர்துராணியிடம் கொடுக்கிற சாக்கில் வண்டிக்குள் ஏறிவிட்டாள். நானும் மகளும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். புறப்பட இன்னும் இருபத்தைந்து நிமிஷம் என்று அவள்தான் சொன்னாள். நான் கடிகாரத்தைத் தேடவில்லை.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

"எனக்குப் பயமா இருக்கும்மா" என்றேன். "நீ நர்ஸு படிப்புக்குப் போறேன்னு சொன்ன நாள்லேர்ந்து எனக்குப் பயம். அதுதான் கோபமா வந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல."

கொட்டகையைப் பற்றிச் சொன்னேன். அண்ணே என்று கூப்பிட்ட அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போது குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. நான் மூச்சைப் பிடிக்கவில்லை, உடையட்டும் என்று விட்டுவிட்டேன்.

குழலி தண்டவாளத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கும்தாம்பா."

"என்ன?"

"எனக்கும் பயமா இருக்கு. லூர்துராணிகிட்ட சொல்ல முடியாது, அவ என்னை நம்பித்தான் பேர் கொடுத்தா. அம்மாகிட்ட சொன்னா தூங்க மாட்டாங்க. உங்ககிட்ட சொல்லலாம்னுதான் அன்னிக்கி வந்தேன். நீங்க கத்தினாலும் பரவால்ல, கத்தி முடிச்சப்புறம் சொல்லிரலாம்னு நினைச்சேன்."

நான்கு வருஷம் தூரத்தில் இருந்த என் பெண், என் தோளுக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து இதைச் சொன்னாள். பயந்திருக்கிற குழந்தையிடம் ஒரு தகப்பன் சொல்லக்கூடிய வார்த்தை ஒன்றே ஒன்றுதான் என் நாக்கில் வந்து நின்றது. போகாதே. நான் சொன்னால் அன்றைக்கு அவள் கேட்டிருப்பாள். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். பெட்டியை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்திருப்பாள். வாழ்நாள் முழுக்க வீட்டில் இருந்திருப்பாள். அந்தக் கூடாரத்துக்குப் போகாமல் போனோமே என்று அதே வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டும் இருந்திருப்பாள்.

"பயம் இருக்கட்டும்மா" என்றேன். "அந்தப் பொண்ணுக்கும் பயம் இருந்துச்சு. கை நடுங்கிக்கிட்டேதான் ஊசி போடுவா. போட்ட ஊசியில எழுபது எண்பது பேர் பிழைச்சு வீட்டுக்குப் போனாங்க. அதையும் நான்தான் எழுதி வச்சேன். தண்ணியை மட்டும் காய்ச்சாம குடிக்காதே. எவ்வளவு அவசரமா இருந்தாலும் குடிக்காதே."

அவள் தலையாட்டினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அப்புறம் இருவரும் பேசினோம். குளோரின் எந்த அளவு, கொதிக்க வைக்க விறகு கிடைக்காவிட்டால் என்ன செய்வது, கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் எப்படி வெட்டுவது, எல்லாவற்றையும் கேட்டாள். என் இருபது வருஷ வேலையைப் பற்றி என் பெண் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. சில இடத்தில் நான் சொன்னது பழைய முறை என்று திருத்தினாள். திருத்தட்டும்.

மணி அடித்தது. கார்டு பச்சைக் கொடியை எடுத்தார். குழலி எழுந்து வண்டியில் ஏறி வாசலில் நின்றாள். கீழே இறங்கிவிட்டிருந்த காந்திமதி தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குழலி குனிந்து என்னைக் கேட்டாள்.

"பயமா இருக்குன்னு நான் சொன்னதும், போகாதேன்னு சொல்வீங்கன்னு நினைச்சேம்பா."

"நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு."

"அப்புறம்?"

"விட்டுட்டேன்."

அவள் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். நர்ஸுகள் பிடிப்பதுபோல் இரண்டு விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ரொம்ப வேகமா அடிக்குதுப்பா" என்றாள்.

"தெரியும்மா" என்றேன்.